பேத்தி ஓட்டப் பழக ஒரு கார்: காப்பீட்டுக் கணக்கு



ரயில்வேயில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பணியாற்றி, கிருஷ்ணராஜபுரம் டீசல் ஷெட்டில் ஓய்வு பெற்றவன் நான். படித்தது டிப்ளமோ என்ஜினியரிங். இன்ஷூரன்ஸ் துறைக்கும் எனக்கும் வருடத்துக்கு ஒரு முறை பாலிசி புதுப்பிப்பதைத் தவிர வேறு உறவு கிடையாது. அப்படிப்பட்டவன் இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் என் பேத்தி கயல்.

இரண்டாம் பி.யு.சி. முடித்த கையோடு அவளுக்குப் பதினெட்டு வயது நிறைந்தது. மறுநாள் காலை காபி டம்ளரோடு வந்து நின்றாள். "தாத்தா, எனக்குக் கார் ஓட்டக் கத்துக் கொடுங்க" என்றாள். வீட்டில் இருந்தது 2011-இல் நான் வாங்கிய பழைய ஆல்டோ. என் மகன், "அப்பா, இவள் பழகுறதுக்கும் நாம எல்லோரும் போறதுக்கும் ஆகிற மாதிரி ஒரு கார் பாருங்க. இன்ஷூரன்ஸ் மட்டும் கையைக் கடிக்காம இருக்கணும்" என்று பொறுப்பை என் தலையில் வைத்தான். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தேன். மூன்று மாதமும் ஒரு நாற்பது பக்க நோட்டும் ஆயின. அந்த நோட்டில் உள்ளதைத்தான் இங்கே தருகிறேன். நம் குடும்பங்கள் பலவற்றிலும் இந்த வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பயன்படட்டும்.

இங்கே வயதைக் கேட்பதில்லை

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் நம் நண்பர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ பதினெட்டு வயதுப் பிள்ளையின் பெயரைக் கார் பாலிசியில் சேர்த்தால் பிரீமியம் மளமளவென்று ஏறிவிடும். இங்கிலாந்தில் கார்களை 1 முதல் 50 வரை காப்பீட்டுக் குழுக்களாகப் பிரித்து வைத்தார்கள். புதிதாக ஓட்டுபவர் இருக்கும் வீட்டில் முதல் சில குழுக்களில் உள்ள சின்னக் காரைத் தேடி வாங்குவது அங்கே வழக்கம்.

என் மகனும் அதைக் கேட்டுத்தான் பயந்திருந்தான். நம் நாட்டுக் கணக்கு வேறு. பிரீமியம் போடும்போது இங்கே முக்கியமாகப் பார்ப்பது காரை. ஓட்டுகிறவர் வயதை அல்ல. பதினெட்டு வயதுப் பெண் ஓட்டினாலும் அறுபத்தைந்து வயதுத் தாத்தா ஓட்டினாலும் மூன்றாம் நபர் பிரீமியம் ஒன்றுதான்.

"அப்படியானால் கவலையே இல்லையே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அங்கே பிரீமியத்தில் முன்கூட்டியே வாங்குவதை, இங்கே விபத்து நடந்த பிறகு வேறு வழியில் நம்மிடம் வாங்கிவிடக் கூடும். அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். முதலில் பிரீமியத்தைப் பார்ப்போம்.

பிரீமியத்தின் இரண்டு பாகங்கள்

முழுமையான கார் பாலிசியில் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று, நம் கார் மற்றவருக்கு ஏற்படுத்தும் உயிர்ச்சேதம், காயம், பொருள் சேதம் ஆகியவற்றுக்கானது. இதற்கு மூன்றாம் நபர் காப்பீடு என்று பெயர். சட்டப்படி கட்டாயம். இது இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். இன்னொன்று, நம் காருக்கே ஏற்படும் சேதத்துக்கும் திருட்டுக்குமானது. இதை ஓன் டேமேஜ் என்பார்கள்.

மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் ஒரே தொகை. எஞ்சின் கொள்ளளவு, அதாவது சி.சி., மட்டுமே கணக்கு. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி தனியார் கார்களுக்கு ஓராண்டுத் தொகை இது:

1000 சி.சி. வரை: 2,094 ரூபாய்
1000-க்கு மேல் 1500 சி.சி. வரை: 3,416 ரூபாய்
1500 சி.சி.க்கு மேல்: 7,897 ரூபாய்

இதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. மின்சாரக் கார்களுக்கு இதே அறிவிப்பில் 15 சதவீதம் சலுகை தந்தார்கள்.

புதுக் கார் வாங்கினால் மூன்று வருட மூன்றாம் நபர் பிரீமியத்தை மொத்தமாகக் கட்ட வேண்டும். 2018 செப்டம்பர் 1 முதல் இந்த விதி. இதற்குப் பின்னால் ஒரு தமிழர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்கக் கோரி உச்ச நீதிமன்றத்தில் 2012-இல் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். அந்த வழக்கில் 2018 ஜூலையில் பிறந்த உத்தரவுதான் இது. முதல் வருடத்தோடு பாலிசியைப் புதுப்பிக்காமல் ஓட்டுகிற வாகனங்கள் ஏராளமாக இருந்ததால் இந்த ஏற்பாடு.

இனி கார்களைப் பார்ப்போம். ஆல்டோ கே10, செலேரியோ, வேகன்-ஆரின் சின்ன எஞ்சின் ஆகியவை 998 சி.சி.; ரெனோ க்விட் 999 சி.சி. இவை முதல் படியில் வரும். வேகன்-ஆரின் பெரிய எஞ்சினும், ஸ்விஃப்ட், கிராண்ட் ஐ10 நியோஸ் ஆகியவையும் 1197 சி.சி.; டாடா டியாகோ 1199 சி.சி. இவை இரண்டாம் படி. இரண்டு படிக்கும் வித்தியாசம் 1,322 ரூபாய். வரியோடு சேர்த்தால் வருடத்துக்கு 1,560 ரூபாய். நாளைக்கு நாலேகால் ரூபாய்தான். இந்த நாலேகால் ரூபாயைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

ஓர் எச்சரிக்கை. சி.சி. குறைவு என்றால் வேகமும் குறைவு என்று நினைக்க வேண்டாம். 1000 சி.சி.க்கு உட்பட்ட டர்போ எஞ்சின்கள் வந்துவிட்டன. பிரீமியம் கீழ்ப் படியில் இருக்கும்; கால் பட்டால் கார் பாயும். பழகுகிறவருக்கு அது வேண்டாம்.

பம்பர், கண்ணாடி, பெயின்ட்

ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு அடிப்படை ஐ.டி.வி. என்னும் காரின் மதிப்பு. ஷோரூம் விலையிலிருந்து வயதுக்கேற்பக் கழிப்பார்கள்: ஒரு வருடம் முடிந்து இரண்டாவது வருடத்தில் 20 சதவீதம், மூன்றாவதில் 30, நான்காவதில் 40, ஐந்தாவதில் 50. எனவே மூன்று நான்கு வருடம் ஓடிய காருக்கு இந்தப் பாகத்தின் பிரீமியம் நன்றாகக் குறைந்துவிடும்.

ஆனால் பழகுகிறவர் ஏற்படுத்தும் சேதம் எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். கார் தலைகீழாக உருள்வதில்லை. கேட்டில் பம்பர் இடிக்கும். தூணில் பக்கக் கண்ணாடி உரசும். கதவில் கீறல் விழும். இன்றைய பம்பர் பிளாஸ்டிக். இழப்பீடு தரும்போது பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். உலோகப் பாகங்களுக்குக் காரின் வயதுக்கேற்பக் கழிவு. கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. அதோடு ஒவ்வொரு முறையும் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய் நம் கையிலிருந்து போக வேண்டும்.

உதாரணத்துக்கு, பம்பர் விலை 8,000 ரூபாய் என்று வைப்போம். பாதி கழித்தால் 4,000. அதில் 1,000 நம் பங்கு. கையில் வருவது 3,000.

"மூவாயிரம் வந்தாலும் லாபம்தானே மாமா?" என்று மருமகள் கேட்டாள். அடுத்த கணக்கைப் போட்டுக் காட்டினேன்.

வருடம் முழுக்க கிளெய்ம் வாங்காவிட்டால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் நோ கிளெய்ம் போனஸ் என்று தள்ளுபடி தருவார்கள். முதல் வருடம் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாவது வருடம் 50. ஒரு கிளெய்ம் வாங்கினால் மறுபடி பூஜ்யம்.

தள்ளுபடிக்கு முந்திய ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 ரூபாய் என்று கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, அது வருடாவருடம் மாறவில்லை என்றும் கொள்வோம். 50 சதவீதம் போனஸ் உள்ளவர் கட்டுவது 6,000. ஒரு கிளெய்முக்குப் பிறகு அவர் அடுத்தடுத்த வருடங்களில் கட்டுவது 12,000, 9,600, 9,000, 7,800, 6,600. ஒவ்வொன்றிலும் 6,000 கழித்துக் கூட்டிப் பாருங்கள். அதிகமாகக் கட்டியது 15,000 ரூபாய். மூவாயிரம் வாங்கப் போய்ப் பதினைந்தாயிரம் கொடுத்த கதை.

ஆகவே எங்கள் வீட்டில் ஒரு விதி வைத்தோம். சின்னக் கீறல், பம்பர், கண்ணாடி எல்லாம் கைக்காசு. டிங்கரிங் செலவுக்கென்று 15,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்தோம். இன்ஷூரன்ஸ் பெரிய சேதத்துக்கு மட்டும். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் என்ற கூடுதல் காப்பு உண்டு. போனஸைக் காக்கும் கூடுதல் காப்பும் உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட காருக்கு ஜீரோ டெப்ரிசியேஷன் எடுப்பது நல்லது. பெரிய அடி பட்டால் அப்போது அதன் அருமை தெரியும்.

பெங்களூர்வாசிகளுக்கு இன்னொன்று. 2022 செப்டம்பர் மழையில் அவுட்டர் ரிங் ரோட்டிலும் பெள்ளந்தூர்ப் பக்கமும் கார்கள் மிதந்ததைப் பார்த்தோம். தண்ணீரில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்தால், எஞ்சினுக்குள் போன நீர் அமுங்காது. காற்று அமுங்கும், நீர் அமுங்காது. வளைவது கனெக்டிங் ராடு. இந்தச் சேதத்தைச் சாதாரணப் பாலிசியில் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பு வேண்டும். அதைவிட முக்கியம், பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது: தண்ணீரில் நின்றால் சாவியைத் தொடாதே, இறங்கி வந்துவிடு.

கார் யார் பெயரில்?

கயல் பெயரில் வாங்கிக் கொடுக்கலாம் என்று மகனுக்கு ஆசை. நான் தடுத்தேன். நோ கிளெய்ம் போனஸ் காருக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. பழைய காரை விற்கும்போது இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் அதற்கான கடிதம் வாங்கி வைத்தால், மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அந்தத் தள்ளுபடியைப் பயன்படுத்தலாம். என் ஆல்டோவில் 50 சதவீதம் சேர்ந்திருந்தது. புதிய வண்டியும் என் பெயரிலேயே இருந்தால்தான் அது கிடைக்கும். கயல் பெயரில் வாங்கினால் பூஜ்யத்திலிருந்து தொடக்கம்.

இதில் ஒரு குறையும் உண்டு. பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு உரிமையாளரான ஓட்டுநருக்கு மட்டும். கார் என் பெயரில் இருந்து கயல் ஓட்டினால் அவளுக்கு அது இல்லை. எனவே அவள் பெயரைக் குறிப்பிட்டுத் தனியாக ஒரு விபத்துக் காப்பைக் கேட்டு வாங்கினோம். ஏஜென்ட் தானாகச் சொல்லமாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்.

பழைய கார் வாங்குபவர்கள் ஆர்.சி. பெயர் மாற்றத்தோடு நின்றுவிடக் கூடாது. பாலிசியையும் 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற வேண்டும். தவறினால் நம் கார் சேதத்துக்குப் பணம் வருவது சந்தேகம்.

உண்மையான விலை உரிமத்தில் இருக்கிறது

இப்போது, முன்னால் சொன்ன "விபத்து நடந்த பிறகு வாங்கிவிடும்" விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் குடியிருப்பில் சில வருடங்களுக்கு முன் நடந்தது. பதினேழு வயதுப் பையன். அப்பா ஊரில் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்தான். தெருமுனையில் இளநீர் வண்டிக்காரர் மேல் மோதினான். அவருக்குத் தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. பாலிசி நடப்பில்தான் இருந்தது. தீர்ப்பாயம் உத்தரவிட்டபடி இன்ஷூரன்ஸ் நிறுவனம் இளநீர்க்காரருக்குப் பணம் கொடுத்தது. கொடுத்த பிறகு, உரிமம் இல்லாதவர் ஓட்டியதால் அந்தத் தொகை முழுவதையும் பையனின் அப்பாவிடமிருந்து வசூலித்தது. ஓசூர்ப் பக்கம் பிள்ளைகளுக்காக வாங்கிப் போட்டிருந்த சைட்டை அவர்கள் விற்றார்கள்.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் பணம் கொடுத்துவிட்டு, நிபந்தனையை மீறிய உரிமையாளரிடம் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது 2004-இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிய நெறி. அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது: எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமமும் உரிமமே. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டினார் என்ற ஒரே காரணத்துக்காக நிறுவனம் கைகழுவ முடியாது.

பாலிசியிலேயே இது அச்சாகியிருக்கிறது. செல்லுபடியாகும் எல்.எல்.ஆர். உள்ளவர் ஓட்டலாம், ஆனால் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3-ஆம் விதிப்படி ஓட்ட வேண்டும். அந்த விதி கேட்பவை இவை:

1. பழகுகிறவரிடம் நடப்பில் உள்ள எல்.எல்.ஆர். இருக்க வேண்டும். இதன் ஆயுள் ஆறு மாதம். முப்பது நாளுக்குப் பிறகு நிரந்தர உரிமத்துக்குத் தேர்வு கொடுக்கலாம்.

2. செல்லுபடியாகும் உரிமம் உள்ள ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உடன் உட்கார்ந்திருக்க வேண்டும். பின் சீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டால் கணக்கில் வராது.

3. முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து வேண்டும். அட்டை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. எழுத்து 10 சென்டிமீட்டர் உயரம், 2 சென்டிமீட்டர் பருமன், அடிப்பாகம் 9 சென்டிமீட்டர் அகலம்.

பதினெட்டு நிரம்பாத பிள்ளையிடம் கார் சாவியைக் கொடுப்பது இன்னும் பெரிய ஆபத்து. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள 199-ஏ பிரிவின்படி, பிள்ளை குற்றம் செய்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. "எங்க பையன் நல்லா ஓட்டுவான்" என்ற பெருமைக்கு இவ்வளவு விலை.

என் தவறு

இதையெல்லாம் மற்றவருக்குச் சொல்லும் நான் செய்ததையும் சொல்லிவிட வேண்டும்.

கயலுக்கு எல்.எல்.ஆர். வந்த பிறகு மூன்று ஞாயிறு காலைகளில் எங்கள் பழைய ஆல்டோவிலேயே, ஆள் நடமாட்டம் இல்லாத புது லேஅவுட் ரோடுகளில் பழக்கினேன். 'எல்' அட்டையை ஸ்கேல் வைத்து அளந்து ஒட்டினேன். இரண்டாவது ஞாயிறு ஒரு மேட்டில் எஞ்சின் அணைந்தது. அவள் பதறிப்போய்க் கிளட்ச்சை அழுத்த, வண்டி பின்னால் உருண்டது. பின்னால் பால் பாக்கெட் கூடையோடு ஒரு பையன் சைக்கிளில். நான் இடது கையால் அவள் தோளைப் பிடித்து, வலது கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். ஒரு முழ இடைவெளியில் நின்றது. பையன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அன்று வீட்டில் அதை ஒரு வேடிக்கையாகவே சொன்னோம்.

அடுத்த வாரம் புதுப் பாலிசிக்கு விண்ணப்பம் நிரப்பும்போது அந்த அலுவலகப் பெண் கேட்டாள்: "சார், உங்க லைசென்ஸ் எது வரைக்கும் இருக்கு?" எடுத்துப் பார்த்தேன். நான்கு மாதத்துக்கு முன்பே முடிந்திருந்தது.

அந்த மேட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எல்.எல்.ஆர். வைத்திருந்தாள். சட்டப்படி ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தகுதி இல்லாதவன் நான்தான். அந்த ஒரு முழம் இல்லாமல் போயிருந்தால், பால்காரப் பையனுக்கு என்ன பதில்? கயலுக்கு வாழ்நாள் முழுக்க என்ன பாரம்? பணம் அதற்குப் பிறகுதான். ஷெட்டில் இருந்தபோது தகுதிச் சான்று தேதி ஒரு நாள் கடந்திருந்தாலும் கிரேன் ஓட்டுபவரை நான் ஏற விட்டதில்லை. அந்த நான் என் சட்டைப்பையில் இருந்ததைப் பார்க்கவில்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை. காலையில் கயலைக் கூப்பிட்டு, "கண்ணு, தப்பு தாத்தா மேலதான்" என்று சொன்ன பிறகே மனம் ஆறியது.

உரிமம் முடிந்து ஒரு வருடத்துக்குள் என்றால் மறுபடி ஓட்டிக் காட்டாமலே புதுப்பிக்கலாம். நாற்பது வயதைக் கடந்தவர்கள் மருத்துவச் சான்று தர வேண்டும். 55 வயதுக்கு மேல் ஐந்து ஐந்து வருடமாகத்தான் நீட்டிப்பு. முன்பு இருந்த முப்பது நாள் சலுகையும் 2019 திருத்தத்தில் போய்விட்டது. இதைப் படிக்கும் தாத்தாக்களும் அப்பாக்களும் தயவுசெய்து பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நிமிடம் தங்கள் உரிமத்தின் தேதியைப் பாருங்கள்.

நாங்கள் வாங்கிய கார்

அந்த மேடு எனக்குக் கார் தேர்விலும் பாடம் சொன்னது. பக்கத்தில் உட்காருபவருக்கு இருக்கும் ஒரே கருவி, இரண்டு சீட்டுக்கு நடுவில் உள்ள ஹேண்ட் பிரேக். ரயிலில் கார்டுக்கும் பிரேக் உண்டு அல்லவா, அது போல. எனவே கையால் இழுக்கும் லீவர் உள்ள வண்டிதான் வேண்டும் என்று முடிவு செய்தேன். பட்டன் பிரேக் உள்ள வண்டிகளை ஒதுக்கினேன்.

இரண்டாவது, பாதுகாப்பு. ஏ.பி.எஸ். பிரேக் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில். முன்பக்கம் இரண்டு சீட்டுக்கும் ஏர்பேக் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமானது 2021 கடைசியில். ஆகவே பழைய கார் வாங்குபவர் 2022-க்குப் பிறகு தயாரானதைப் பார்ப்பது நல்லது. மோதல் சோதனையின் நட்சத்திரங்களையும் பார்க்க வேண்டும். குளோபல் என்காப் சோதனையில் டியாகோ பெரியவர் பாதுகாப்புக்கு 2020-இல் நான்கு நட்சத்திரம் பெற்றது. வேகன்-ஆர் 2023-இல் ஒன்று பெற்றது. 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்காப் என்று நம் நாட்டுச் சோதனையும் வந்துவிட்டது.

இங்கேதான் அந்த நாலேகால் ரூபாய். 998 சி.சி. வண்டி வாங்கியிருந்தால் வருடம் 1,560 ரூபாய் மிச்சம். அதை மிச்சம் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் மட்டுமே வைத்திருந்த, 2022-இல் தயாரான 1199 சி.சி. டியாகோ ஒன்றை வாங்கினோம். என் 50 சதவீதப் போனஸ் அதில் சேர்ந்தது. கார் மூன்று வயதைத் தாண்டியதால் ஐ.டி.வி.யும் குறைவு. மொத்தத்தில், சின்னப் புதுக் காருக்குக் கட்டியிருக்க வேண்டியதைவிடக் குறைவாகவே கட்டினோம்.

புதுக் கார் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். கர்நாடகத்தில் ஆயுள்கால சாலை வரி அதிகம். ஐ.டி.வி.யில் அந்த வரி சேராது. கார் திருட்டுப் போனால் வரியாகக் கட்டிய பணம் திரும்பாது. ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற கூடுதல் காப்பு எடுத்தால், நிறுவனத்தின் நிபந்தனைப்படி அதையும் பெறலாம். குறைவாக ஓட்டுபவர்கள், கிலோமீட்டர் கணக்கில் கட்டும் காப்பையும் விசாரிக்கலாம். 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதற்கு அனுமதி தந்தது.

பழக்கும் முறை

கடைசியாக ஒன்று. லோகோ பைலட் எவ்வளவு அனுபவசாலியானாலும், புதிய தடத்தில் தனியாக ஓட்டுமுன் தெரிந்தவரோடு பகலிலும் இரவிலும் போய்த் தடம் கற்க வேண்டும். வளைவு, மேடு, சிக்னல் எல்லாம் மனதில் பதிய வேண்டும். இதையே வீட்டிலும் செய்தோம்.

முதல் முப்பது நாளும் டிரைவிங் ஸ்கூல் வண்டி. அதில் பயிற்சியாளர் காலடியிலும் பிரேக் உண்டு. கீறல் விழுந்தாலும் நம் போனஸுக்குப் பழுதில்லை. அதன் பிறகே நம் கார், காலை ஆறு மணிக்கு, காலி ரோட்டில். பிறகு கஸ்தூரி நகர்ச் சந்தடி. பிறகு மழை. பிறகு இரவு. ஒவ்வொரு பயணத்தையும் நோட்டில் தேதியோடு எழுதினோம். அவள் அப்பா உடன் போன நாளில் அப்பாவின் உரிம எண்ணையும் கயலே கேட்டு எழுதினாள்! தேர்வில் முதல் தடவையே தேறினாள்.

டிங்கரிங்குக்கு எடுத்து வைத்த 15,000 ரூபாயில் இதுவரை செலவானது ஒரு பக்கக் கண்ணாடிக்கு மட்டும். அதை இடித்ததும் நான்தான், கயல் இல்லை.

எல்லோர் வீட்டுப் பிள்ளைகளும் பத்திரமாகப் போய்ப் பத்திரமாகத் திரும்பட்டும்.